வீட்டை விற்கும் முன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டுமா?

தாம்பரம் பக்கம் அப்பா கட்டிய வீட்டை நீங்களும் அண்ணனும் விற்கப் போகிறீர்கள். வளாகத்தில் பழைய உறைகிணறு ஒன்றும் பிறகு போட்ட போர் (ஆழ்துளைக் கிணறு) ஒன்றும் இருக்கின்றன. வாங்க வந்தவர் தண்ணீரைப் பரிசோதித்து ரிப்போர்ட் கேட்கிறார். தரகர், "அது வாங்குபவர் பாடு, நீங்கள் ஏன் வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள்" என்கிறார். என்னென்ன பரிசோதனை என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கவலை கடைசி வரியில் இருக்கிறது: ரிப்போர்ட் மோசமாக வந்தால் சொல்லியாக வேண்டும், பரிசோதிக்காமலே விட்டால் சொல்ல வேண்டியது எதுவும் இருக்காது அல்லவா? அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். பரிசோதனை முறைகள் அப்புறம்.

நான் நிலத்தடி நீர் சார்ந்த வேலையில் பல வருடங்களாக இருப்பவன், வக்கீல் இல்லை. ஆனால் இந்த வேலையில் அடிக்கடி எதிர்ப்படும் சட்டப் பிரிவு ஒன்று உண்டு. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு. சொத்தில் முக்கியமான குறை ஒன்று இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விடுவதை அதே பிரிவு மோசடி என்கிறது. பரிசோதித்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. அந்த அளவுக்குத் தரகர் சொல்வது சரி. கிணற்று நீரின் குறை "சாதாரண கவனத்தில்" தெரியக்கூடியதா இல்லையா என்பது வாதத்துக்கு உரியது. தண்ணீரை அள்ளிச் சோதித்திருக்கலாமே என்று ஒரு பக்கம் சொல்லும், கோடையில் வற்றுவது மார்கழியில் பார்த்தவருக்கு எப்படித் தெரியும் என்று மறுபக்கம் கேட்கும். அதை உங்கள் பத்திரம் எழுதும் வக்கீலிடம் விட்டுவிடுங்கள்.

ஆனால் "பரிசோதிக்காவிட்டால் எனக்குத் தெரியாது" என்ற இடத்தில் தரகரோடு நான் ஒத்துப்போக மாட்டேன். அந்த வீட்டில் வளர்ந்தவர் நீங்கள். எந்த மாதத்தில் கிணற்றில் வாளி தரை தட்டும், எந்தக் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினீர்கள், குளியலறை ஓடுகளில் வெள்ளைப் பொருக்கு எவ்வளவு சீக்கிரம் படிகிறது, எந்த வருடத்திலிருந்து குடிக்கக் கேன் தண்ணீருக்கு மாறினீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பரிசோதனை புதிய குறை எதையும் உண்டாக்காது. ஏற்கனவே மங்கலாகத் தெரிந்ததற்கு ஓர் எண்ணும் தேதியும் கொடுக்கும். அது விற்பவருக்குப் பாதுகாப்பு. "தண்ணீர் நன்றாக இருக்கும்" என்று வாயால் சொன்னது ஆறு மாதம் கழித்து வழக்காகலாம். இன்ன தேதியில் இன்ன அளவு என்று எழுதிக் கொடுத்ததன் மேல் வழக்குப் போடுவது கடினம். ஆகவே வாங்குபவர் கேட்காவிட்டாலும் செய்யுங்கள், அவர் ஆள் அனுப்புவதற்கு முன்பே செய்யுங்கள் என்பதே என் பதில்.

முதலில் எவ்வளவு தண்ணீர் என்ற கேள்வி. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் கொட்டுவதைக் காட்டுவது பரிசோதனை ஆகாது. போரில் அது ஏமாற்றும். நாலரை இஞ்சு போரில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர் நிற்கும். மோட்டாருக்கு மேலே 150 அடி தண்ணீர் நின்றால் குழாய்க்குள்ளேயே 450 லிட்டருக்கு மேல் சேமிப்பாக இருக்கிறது. நிமிடத்துக்கு 40 லிட்டர் இறைக்கும் மோட்டார் அதைக் காலி செய்யப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். பார்க்க வந்தவர்கள் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான். பாறையிலிருந்து ஊற்று எவ்வளவு வருகிறது என்பது அதற்குப் பிறகே தெரிய ஆரம்பிக்கும்.

ஆகவே மோட்டாரைத் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும். முந்தின இரவு முழுக்க ஓய்வு கொடுத்துவிட்டுக் காலையில் தொடங்குங்கள். அரை மணிக்கு ஒருமுறை 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் 30 வினாடி என்றால் மணிக்கு 2,400 லிட்டர். இரண்டு மணி நேரம் கழித்து 50 வினாடி ஆனால் மணிக்கு 1,440 லிட்டர். அந்த இரண்டாவது எண் அதற்கு மேல் குறையாமல் நின்றால் அதுதான் உங்கள் போரின் அன்றைய நிலை. தண்ணீர் விட்டு விட்டு வந்தாலோ, காற்றோடு சீறினாலோ, கலங்கி மணலோடு வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால், உள்ளே மூழ்கி நிற்கும் சப்மெர்சிபிள் மோட்டார் கருகிவிடும், அந்தச் செலவும் உங்கள் தலையில் விழும். நிறுத்திய நேரத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு முடிவுதான். இறைக்கும் தண்ணீரைக் கிணற்றடியிலேயே ஓட விடாதீர்கள். அது மண்ணில் இறங்கித் திரும்ப உள்ளே வந்து கணக்கைக் கெடுக்கும். குழாய் போட்டுத் தெருவோரத் தோட்டத்துக்கோ வடிகாலுக்கோ கொண்டுபோங்கள்.

உறைகிணற்றுக்கு அளவுநாடாவும் கடிகாரமும் போதும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி இரண்டு அளவு எடுங்கள்: தரையிலிருந்து தண்ணீர் மட்டம் வரை, தரையிலிருந்து அடி வரை. பத்திரத்தில் "முப்பத்தைந்து அடி" என்று இருந்தாலும் சேறு மண்டிக் கல் முப்பதில் தட்டும். சொன்ன ஆழத்தையும் அளந்த ஆழத்தையும் தனித்தனியாக எழுதுங்கள். பிறகு மட்டம் ஒன்றரை மீட்டர் இறங்கும்வரை இறைத்து நிறுத்திவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு ஏறுகிறது என்று அளக்க வேண்டும். நான்கு அடி, அதாவது சுமார் 1.2 மீட்டர் விட்டமுள்ள கிணற்றில் ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் என்பது கிட்டத்தட்ட 1,130 லிட்டர். அரை மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் ஏறினால் சுமார் 340 லிட்டர் ஊறியிருக்கிறது. மட்டம் பழைய நிலையை நெருங்க நெருங்க ஊற்றின் வேகம் குறையும் என்பதால் முதல் அரை மணியைப் பெருக்கி நாள் முழுவதற்கும் சொல்லிவிடக் கூடாது. ஆனாலும் ஒப்பிட ஒரு பிடி கிடைக்கும். நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் கணக்கு. ஐந்து பேர் வீட்டுக்கு 675 லிட்டர். அந்த அளவுக்கு வருகிறதா என்பதுதான் வாங்குபவர் மனதில் இருக்கும் கேள்வி.

கிணற்றுக்குள் யாரையும் இறக்காதீர்கள். நாள்பட மூடிக் கிடந்த கிணற்றில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கும், நச்சு வாயு தங்கியிருக்கும். விளக்கை இறக்கிப் பார்ப்பது ஆக்ஸிஜன் குறைவைத்தான் காட்டும், எல்லா வாயுவையும் காட்டாது. நீங்கள் எடுக்க வேண்டிய அளவுகள் எல்லாமே மேலே நின்று எடுக்கக்கூடியவை.

இதில் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி பருவம்தான். தாம்பரம், சேலையூர் பக்கமெல்லாம் மேலே சிதைந்த பாறை மண், கீழே கெட்டியான சார்னோகைட் பாறை. சிதைந்த அடுக்கில் நிற்பது பெரும்பாலும் அந்தந்த வருட மழை. அதற்குக் கீழே தண்ணீர் வெடிப்புகளில் மட்டும் ஓடுகிறது. ஆகவே வடகிழக்குப் பருவமழை முடிந்து டிசம்பர், ஜனவரியில் எடுத்த அளவுக்கும் ஜூன் மாத அளவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம். பக்கத்து வீட்டில் பத்தடி தள்ளிப் போட்ட போரில் தண்ணீர் இல்லாமல் போவதும் இதனால்தான். இன்றைய பரிசோதனையால் அடுத்த கோடைக்கு உத்தரவாதம் தர முடியாது, யார் வந்து சோதித்தாலும் முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, அளந்ததோடு நினைவிலிருப்பதையும் தனியாக எழுதுவது. "2019 கோடையில் உறைகிணறு வற்றியது, போர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடியது, இது எங்கள் நினைவு, அளவு அல்ல" என்று ஒரு வரி போதும். சென்னை முழுக்கத் தவித்த வருடத்தை வாங்குபவரும் மறந்திருக்க மாட்டார். அந்த வரியைப் படித்து யாரும் ஓடிப்போனதாக நான் பார்த்ததில்லை. அப்படி எழுதித் தருபவரின் மற்ற பேச்சையும் நம்புவார்கள்.

அடுத்து, தண்ணீர் எப்படிப்பட்டது. கையடக்க டிடிஎஸ் மீட்டரை நீட்டிக் காட்டி "பாருங்கள், நானூறுதான்" என்பார்கள். அது தண்ணீரின் மின்கடத்தும் திறனை வைத்துக் கரைந்த உப்பின் மொத்தத்தை மதிப்பிடுகிறது, அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா, நைட்ரேட் எவ்வளவு, ஃப்ளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மீட்டரில் நானூறு காட்டும் தண்ணீரில் சாக்கடைக் கிருமி இருக்கலாம். ஆயிரத்து இருநூறு காட்டுவது உவர்ப்பாக இருந்தாலும் கிருமி இல்லாமல் இருக்கலாம்.

இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500. அதில் பல பொருள்களுக்கு இரண்டு வரம்பு உண்டு: ஏற்கத்தக்க அளவு, வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் அளவு. கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம், அதிகபட்சம் 2,000. கடினத்தன்மை 200, அதிகபட்சம் 600. குளோரைடு 250, அதிகபட்சம் 1,000. ஃப்ளோரைடு 1, அதிகபட்சம் 1.5. நைட்ரேட்டுக்கு இந்தத் தளர்வே கிடையாது, 45 என்றால் 45. மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை கிருமி 100 மில்லி லிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இவற்றோடு அமிலத்தன்மை, கலங்கல், இரும்பு சேர்த்தால் வீட்டுக் கிணற்றுக்குப் போதும். பெரிய பட்டியல் போட்டுப் பூச்சிமருந்து, கனஉலோகம் எல்லாம் சோதிக்கச் சொல்லிப் பணம் கறக்கப் பார்த்தால், காரணம் கேளுங்கள். காரணம் இருக்கும் இடங்களும் உண்டு. குரோம்பேட்டை நாகல்கேணி, பல்லாவரம் பக்கம் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் நடந்த இடங்கள். உங்கள் வீடு அந்தத் திசையில் என்றால் குரோமியத்தைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன், அதன் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். பழைய பெட்ரோல் பங்க், குப்பைமேடு, சாயப்பட்டறை பக்கத்தில் இருந்தாலும் அதற்கேற்ற சோதனை வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்க வீடாக இருந்திருந்தால் ஃப்ளோரைடைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.

தாம்பரம் போன்ற நெருக்கமான புறநகரில் நான் முதலில் பார்ப்பது நைட்ரேட்டையும் ஈ.கோலையையும். கழிவுநீர்க் குழியிலிருந்து கிணறு குறைந்தது 15 மீட்டர், அதாவது ஐம்பது அடி தள்ளி இருக்க வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பாடத்தில் சொல்லித்தருவார்கள். நாற்பதுக்கு அறுபது அடி மனையில் வீட்டையும் கட்டி, செப்டிக் டேங்கும் வைத்து, அந்த இடைவெளியை எப்படி விடுவது? உங்கள் குழியைத் தள்ளி வைத்தாலும் பின்வீட்டுக்காரர் குழி மதிலை ஒட்டி இருக்கும். ஆகவே இந்தப் பக்கத்துக் கிணறுகள் பல குடிக்கும் தகுதியை என்றோ இழந்துவிட்டன, குளிக்கவும் துவைக்கவும் மட்டும் உதவுகின்றன. இதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நைட்ரேட் அதிகமாகவும் ஈ.கோலை இல்லாமலும் வந்தால், கிருமி மண்ணில் வடிகட்டப்பட்டு நைட்ரேட் மட்டும் கடந்து வந்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளலாம். எருவும் உரமும்கூடக் காரணமாகலாம். நைட்ரேட்டும் ஈ.கோலையும் சேர்ந்து வந்தால் கழிவுநீர் கிட்டத்தில் கலக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். நைட்ரேட்டைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. தண்ணீர் ஆவியாகி அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்க அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது, உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. வாங்கப் போகிறவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. இந்த ஒரு எண்ணை அவரிடம் சொல்லாமல் விடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான ரிப்போர்ட்டுகள் கெட்டுப்போகின்றன. சமையலறைக் குழாயில் பிடித்தால் அது மேல்நிலைத் தொட்டியின் ரிப்போர்ட், கிணற்றுடையது அல்ல. தொட்டிக்குப் போகும் முன், மோட்டாருக்குப் பக்கத்துக் குழாயில் பிடியுங்கள். ஐந்து பத்து நிமிடம் ஓட விட்டுப் பிடிக்க வேண்டும். ரசாயனச் சோதனைக்கு நன்றாகக் கழுவிய இரண்டு லிட்டர் கேன் போதும், அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில்தான் வேண்டும். அதை அலசக் கூடாது, மூடியின் உட்புறத்தை விரலால் தொடக் கூடாது, குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் பிடிக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. உறைகிணறும் போரும் தனித்தனி மாதிரி, தனித்தனி ரிப்போர்ட். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்கள் என்று வழிகள் இருக்கின்றன. ஆய்வகம் தன் கையில் வந்த பாட்டிலுக்குத்தான் பொறுப்பேற்கும். அதனால் ஆய்வக ஆளையே வரவழைத்து, வாங்குபவரையும் கூட நிற்கச் சொல்லி எடுத்தால் பின்னால் பேச்சு வராது.

சோதனைக்கு முந்தின நாள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டும் பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ரிப்போர்ட் ஒரு வாரத்துக்கு நன்றாக இருக்கும். கழிவுநீர் வரும் வழி அப்படியே இருக்கும். உண்மையிலேயே கிணற்றைச் சரிசெய்ய விரும்பினால் வரிசை வேறு. முதலில் ரிப்போர்ட். ஈ.கோலை வந்தால் வழியைத் தேடுங்கள்: மேல் உறைகளின் இணைப்பில் விரிசல், அதன் வழியே கறுப்பாக வடிந்த தடம், சுற்றிலும் சிமென்ட் மேடை இல்லாதது, தோய்க்கிற கல்லின் தண்ணீர் கிணற்றடியிலேயே தேங்குவது. இவற்றைப் பூசி, மேடை கட்டி, தண்ணீரை வெளியே திருப்பிய பிறகுதான் பிளீச்சிங். வழக்கமான அளவு ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம்; கழிவுநீர் கலந்த கிணற்றுக்குக் கூடுதலாகத் தேவைப்படும், எவ்வளவு என்று சுகாதார ஆய்வாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பொட்டலத்தை அப்படியே கொட்டாமல், வாளியில் கரைத்துச் சுண்ணாம்பு அடியில் படியும்வரை வைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் கிணற்றில் கலக்க வேண்டும். அடியில் தங்கிய சுண்ணாம்பும் போனால் கடினத்தன்மை ஏறும். குளோரின் வாடை முழுக்கப் போய் ஓரிரு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். அப்போதும் கிருமி வந்தால் பக்கத்துக் குழியிலிருந்து மண் வழியாக வரக்கூடும், பூச்சு வேலையால் அது நிற்காது. முன்பும் பின்பும் எடுத்த இரண்டு ரிப்போர்ட்டையும் சேர்த்தே கொடுங்கள்.

தண்ணீரைவிடக் காகிதத்தில் சிக்கிக்கொண்ட விற்பனைகளும் உண்டு. அப்பாவின் பத்திரத்தில் கிணறு முழுக்க உங்களுடையது என்று இருக்கிறதா, "பொதுக் கிணற்றில் பாதி பாகம்" என்று இருக்கிறதா என்று சொத்து விவரத்தை வரி வரியாகப் படியுங்கள். பழைய மனைகளை அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டபோது கிணற்றை மட்டும் பொதுவில் விட்டிருப்பார்கள்; மதில் எழும்பிய பிறகு அது மறந்தே போயிருக்கும். பங்கு இருந்தால் அதையும் பத்திரத்தில் எழுதித்தான் விற்க வேண்டும். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கென்று 1987-ஆம் ஆண்டு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் வரும் இடங்களில் கிணறு தோண்ட அனுமதி வேண்டும். உங்கள் இடம் அந்தப் பட்டியலில் வருகிறதா, போருக்கு அனுமதி வாங்கிய காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள். போர் போட்டவர் கொடுத்த பில், எத்தனை அடி, கேசிங் (மண் சரியாமலிருக்க இறக்கிய குழாய்) எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது, எந்த வருடம் மாற்றியது என்று கிடைப்பதைத் திரட்டுங்கள். கிடைக்காததை ஊகித்து எழுத வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை விலை பேசுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். தோட்டத்து மூலையில் "தண்ணீர் வராமல் போன பழைய போர்" ஒன்று இருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதன் மேல் இப்போது என்ன இருக்கிறது, கல்லா, கோணியா, துருப்பிடித்த தகடா? கைவிடப்பட்ட போர்களில் குழந்தைகள் விழுந்து இறப்பதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2010-இலேயே வழிமுறைகள் வகுத்தது. அவற்றின்படி பயன்படாத போரைக் களிமண், மணல், கூழாங்கல் போன்றவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். அதற்குப் பிறகும் 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தையை இழந்தோம். தண்ணீர் வாரியத்தின் ரிப்போர்ட் வருவதற்கு நாளாகும், இந்த வேலைக்கு நாளாகாது. கொத்தனாரை வரச்சொல்லி அடிவரை நிரப்பி மேலே கான்கிரீட் போட்டு மூடுங்கள், போட்டோ எடுத்துத் தேதியோடு அந்தக் காகிதங்களில் சேர்த்துவிடுங்கள்.